கடைசி முடிச்சு விட வேண்டும்

"பொம்பளப் புள்ள சுத்துன நூலா? உள்ளுக்குள்ளேயே வழுக்கும்லா."

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தூண்டில் கடையின் பழுதுபார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்த முதல் வாரம், சுப்ரா அண்ணே என்ற வாடிக்கையாளர் என் முகத்துக்கு நேரே சொன்னது இது. பக்கத்தில் நின்ற அவர் தம்பி சேகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய தூண்டில் ரீலை வாங்கினேன், நூலைச் சுற்றினேன், திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து சுப்ரா அண்ணே மறுபடியும் வந்தார். முதலாளி கை நீட்டியபோது ரீலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நீங்க வேணாம் பாஸ், அந்தத் தங்கச்சி சுத்தட்டும்" என்றார். அன்றைக்கும் நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிய முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு லோரி ஓட்டப் போனவர். நான் பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா முடித்து, சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்தேன். அந்த வேலை நிலைக்காமல் போனபோதுதான் இந்தக் கடைக்கு வந்தேன். படித்த பெண் தூண்டில் கடையிலா என்று கேட்ட உறவினர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: கியர், நூலைப் பிடித்து நிறுத்தும் டிராக், உராய்வு, இழுவிசை, எல்லாம் உள்ளங்கை அளவு பெட்டிக்குள் இருக்கிறது, வந்து பாருங்கள். ஒருவரும் வரவில்லை.

இப்போது நான் அந்த மேசையில் இல்லை. இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலை விட்டது விட்டதுதான். கடையில் இன்று நூல் சுற்ற இயந்திரம் வந்துவிட்டது. அதை ஓட்டும் இரண்டு பெண்கள், "அக்கா, அடியில போடுற நூலப் பத்தி எங்களுக்கு யாருமே சரியா சொல்லல, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது, நான் ஏன் அங்கிருந்து கிளம்பினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

முதலில் வேலையைச் சொல்கிறேன். ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளைக்குப் பெயர் ஸ்பூல். மீன் பிடிப்பவர்கள் இன்று வாங்குவது பெரும்பாலும் பின்னல் நூல். மெல்லியது, வலுவானது, விலை கூடியது. அதை நேரடியாக வெறும் ஸ்பூலில் கட்டினால் உலோகத்தின் மேல் பிடிப்பில்லாமல் முழுச் சுற்றும் வழுக்கிச் சுழலும். சுப்ரா அண்ணே சொன்ன வழுக்கல் இதுதான். அதனால் அடியில் முதலில் கொஞ்சம் வெள்ளை நைலான் சுற்ற வேண்டும். கடையில் இதை பேக்கிங் என்பார்கள். நான் அடிநூல் என்று எழுதுகிறேன். நைலான் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும், பின்னல் நூல் நைலானைக் கவ்விக்கொள்ளும். ஸ்பூலும் நிரம்பும். மீன் பிடிப்பவர் தன் அடிநூலைக் கண்ணால் பார்க்கவே கூடாது. அது கண்ணுக்குத் தெரிந்தால் கையிலிருந்த நூல் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

முதலாளியை எல்லாரும் குணா பாஸ் என்பார்கள். கடலோரத்துக் கடை வைத்திருந்தும் அவர் தூண்டில் போட்டு யாரும் பார்த்ததில்லை. நூல் ஓடும்போது அவரிடம் பேசக் கூடாது. பேசினால் பதில் வராது, ஆள் கல்லாகிவிடுவார். வேலை பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். வாடிக்கையாளர் முன்னாலேயே நூலின் நுனியைப் பிடித்து மொத்தத்தையும் தரையில் உருவிப் போட்டுவிட்டு, எதிர்க்கடைக்கு பாலில்லாத தே ஓ குடிக்கப் போய்விடுவார். தரையில் கிடக்கும் குவியலைப் பார்த்துத்தான் நாம் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கே மீன் பிடித்தீர்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். தண்ணீர் ஓரத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது அவர் கண்டுபிடித்ததல்ல, இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் பொதுவானது. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று தண்ணீரில் உண்டு என்பார்கள்.

மூன்றாவது சட்டம் முடிச்சைப் பற்றியது. ஸ்பூலை உலர்ந்த துணியால் துடைத்து, நைலானை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த நூலின் மேலேயே ஒரு முடிச்சுப் போட வேண்டும். இழுத்தால் அது நகர்ந்து போய் ஸ்பூலை இறுக்கும். வழக்கமாக எல்லாக் கடைகளிலும் நுனியில் இரண்டாவதாக இன்னொரு சின்ன முடிச்சுப் போடுவார்கள். முதல் முடிச்சிலிருந்து நுனி உருவிக்கொண்டு போகாமல் அது தடுக்கும். எங்கள் கடையில் அந்த இரண்டாவது முடிச்சு கிடையாது.

"கடைசி முடிச்சு விடணும்" என்பார் குணா பாஸ். அவ்வளவுதான், விளக்கம் வராது. நானே யோசித்துப் புரிந்துகொண்டேன். முதலில் போடும் முடிச்சுதான் நூல் ஓடும்போது கடைசியில் வரும். ஒரு பெரிய திருக்கை நூல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போனால், கடைசியில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சு விட்டால் நூல் போகும். விடாவிட்டால் தூண்டில் கோல் போகும், கோலைப் பிடித்த ஆளும் போகலாம்.

அடிநூல் போதுமான அளவு ஏறியதும் நைலானையும் பின்னல் நூலையும் இணைக்க வேண்டும். இரண்டு நூலும் ஒன்றன் கழுத்தை மற்றொன்று பிடித்துக்கொள்வதுபோல எதிரெதிரே இரண்டு முடிச்சு. எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெல்ல இழுத்தால் இரண்டும் வந்து முட்டிக்கொள்ளும். நுனிகளை நான் நகத்தளவு விட்டு வெட்டுவேன். அது என் கையெழுத்து மாதிரி, எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பிறகு ஈரத்துணிக்குள் நூலைப் பிடித்து, விரல் சுடும் அளவு இறுக்கத்தோடு, ஸ்பூல் விளிம்புக்கு ஒரு மயிரிழை கீழே வரை சுற்ற வேண்டும்.

இனி சுப்ரா அண்ணே.

சேகரும் அவரும் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில், சதுப்புக் காட்டை ஒட்டிய ஜெட்டி என்று சொல்லும் ஒரு பழைய மரப் படகுத்துறையில்தான் எப்போதும் தூண்டில் போடுவார்கள். நாங்கள் கேட்டதில்லை, சேகரே உளறிவிடுவார். சேகருக்கு இடக்கைப் பழக்கம். கடையில் நின்று கொக்கி கட்டும்போது அவர் முடிச்சு முறுக்குகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். "கண்ணாடியில பார்த்துக் கத்துக்கிட்டீங்களா அண்ணே?" என்று நான் கிண்டல் செய்வேன். "பீச்சாங்கை முடிச்சுத்தான் தங்கச்சி நிக்கும், போட்டுப் பாரு" என்பார்.

ஒரு நாள் சேகர் அந்த ஜெட்டியிலிருந்து தண்ணீருக்குள் போனார். வழுக்கினாரா, எதுவும் இழுத்ததா என்று யாருக்கும் தெரியாது. சுப்ரா அண்ணே காரிலிருந்து தண்ணீர் போத்தல் எடுக்கப் போயிருந்தார். தேடுதல் குழு வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமல் கருமாதி செய்யமாட்டேன் என்று சுப்ரா அண்ணே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சேகரின் படத்துக்கு மாலை போட விடவில்லை. செய்யாமல் விட்டால் ஆத்மா அலையும் என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல, "அலையலலா, அங்கதான் இருக்கான்" என்றாராம். வாரம் தவறாமல் அந்த ஜெட்டிக்குப் போக ஆரம்பித்தார்.

பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து வெறும் ஸ்பூலோடு ரீலை மேசையில் வைத்தார். ஒரு இழை இல்லை.

"எல்லாம் போச்சா அண்ணே? திருக்கையா?"

"திருக்கை ஓடும், நிக்கும், அடியில ஒட்டிக்கும். இது நடந்து போச்சு."

நான் குணா பாஸைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அதே பச்சைப் பின்னல் நூல், அதே வெள்ளை அடிநூல் போட்டுச் சுற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் வெறும் ஸ்பூல். மறுபடியும் சுற்றினேன். என் முடிச்சு சட்டப்படி விட்டிருக்கிறது என்று உள்ளுக்குள் திருப்திதான்.

அடுத்த முறை அவர் வந்தபோது ரீல் நிரம்பியிருந்தது.

வெள்ளையாக நிரம்பியிருந்தது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. மேலே தெரிய வேண்டியது பச்சை. வெள்ளை அடியில் இருக்க வேண்டும். உள்ளே போட்டது வெளியே இருந்தது.

"யாரு அண்ணே சுத்துனது?"

"நூல் முழுக்கப் போயிடுச்சு. வெறும் கோலை ஜெட்டிக் கம்பியில சாய்ச்சு வெச்சிட்டுக் காருக்குப் போனேன். திரும்பி வந்தா இப்படி இருக்கு." அவர் குரலில் பயம் இல்லை. ஒரு பிள்ளையின் நல்ல மார்க்கைக் காட்ட வந்தவர் போல இருந்தார்.

நுனியைப் பிடித்து உருவினேன். குணா பாஸ் எழுந்து வந்து பின்னால் நின்றார். வெள்ளை நைலானின் நுனியில், முன்பு ஸ்பூலைக் கட்டியிருந்த வளைவின் தடம் அப்படியே இருந்தது. நூல் என் கை இறுக்கத்தில் சுற்றியிருந்தது, வரிசை தவறாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். ஈரமாக இருந்தது. ஆனால் அந்த ஆற்று முகத்துவாரத்தில் கிடந்த எந்த நூலும் சேறு இல்லாமல் வராது. இதில் ஒரு துளி சேறு இல்லை, வாடையும் இல்லை. நைலான் முடிந்து இணைப்பு வந்தது. எதிரெதிரே இரண்டு முடிச்சு, நகத்தளவு நுனி. என் முடிச்சு. என் நூல். அதன் பிறகு பச்சை.

இதைப் படிக்கும் பெண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆற்றில் போன நூலை யாராவது கரையில் நின்று கண்டெடுத்தால், அவர் கைக்கு முதலில் கிடைப்பது நம் ஸ்பூலிலிருந்து கடைசியாக விட்ட வெள்ளை நுனிதான். அதிலிருந்து சுற்றினால் வெள்ளை அடியில் போகும், பச்சை மேலே வரும், எப்போதும் போல. பச்சை அடியில் போக வேண்டுமானால் சுற்றியவர் கொக்கி இருந்த நுனியிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த நுனி கரையில் இருக்காது. அது தண்ணீருக்கு அடியில், இழுத்துக்கொண்டு போனதன் பக்கம் இருக்கும்.

பச்சை எல்லாம் தரையில் விழுந்தது. கடைசிச் சுற்று வந்தது. கொக்கி இல்லை. கொக்கி இருந்த நுனி ஸ்பூலைச் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது.

சுப்ரா அண்ணே குனிந்து, விரலால் அதைத் தொட்டார்.

"பாரு தங்கச்சி. ரெண்டாவது முடிச்சும் போட்டிருக்கான்."

போட்டிருந்தது. எங்கள் கடையில் நாங்கள் போடாத அந்தச் சின்ன முடிச்சு.

"விடாதேன்னு சொல்றான்லா. மூணு தடவ நான் விட்டுட்டேன்ல. இந்தத் தடவ நீயும் ரெண்டாவது முடிச்சு போடு. என்ன இழுத்தாலும் விடக் கூடாது."

ரீலை வைத்துவிட்டுப் போய்விட்டார். குணா பாஸ் தரையில் கிடந்த நூலைக் கையால் தொடாமல் துடைப்பத்தால் ஒதுக்கினார். "படகுக்காரன் எவனாவது வலையில மாட்டுனதச் சுத்தி வெச்சிருப்பான்" என்றார். பிறகு வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

மறுநாள் லெட்சுமி அக்கா வந்தார், சுப்ரா அண்ணேயின் மனைவி. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. சீருடையோடு ரயில் ஏறி வந்திருந்தார்.

"திவ்யா, அவருக்கு நூல் சுத்திக் குடுக்காதம்மா."

"நான் குடுக்கலன்னா வேற கடைக்குப் போவாரு அக்கா."

"கோலைக் கயித்தால இடுப்புல கட்டிக்கிறாரு இப்ப. என் கண்ணால பார்த்தேன். கேட்டா, கை நழுவிடும்னு சொல்றாரு. கருமாதியும் செய்யமாட்டேங்கிறாரு. இவரும் போயிட்டா ரெண்டு படத்துக்கும் நான்தானே மாலை போடணும்?"

அவர் அழவில்லை, கோபமாகத்தான் கேட்டார். குணா பாஸ் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், "சுத்திக் குடு. கடைசி முடிச்சு விடணும்" என்றார்.

அன்று நான் சுற்றியதுபோல் கவனமாக எப்போதும் சுற்றியதில்லை. ஸ்பூலைத் துடைத்தேன். புது நைலான் எடுத்தேன். ஒரே முடிச்சு. நுனியை ஒட்ட வெட்டினேன். அவர் வாங்க வந்தபோது மறைக்கவில்லை.

"அண்ணே, ரெண்டாவது முடிச்சு போடல. போடமாட்டேன். அது விட்டாத்தான் நீங்க வீட்டுக்கு வருவீங்க."

அடிப்பார் போல என்னைப் பார்த்தார். "படிச்ச திமிரு."

"ஆமா அண்ணே."

"அப்ப நீயே வந்து பாரு. யாரு விடுறா, யாரு புடிக்கிறான்னு."

போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் இன்னும் இருந்தது. லெட்சுமி அக்காவும் வந்தார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் நண்டுகள் ஊர்ந்தன. நாங்கள் பலகையில் நடந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விட்டன, பிறகு வெளியே வரவே இல்லை. சுப்ரா அண்ணே கயிற்றை இடுப்பில் கட்டி, மறுநுனியைக் கோலில் கட்டி, தூண்டிலை வீசினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்து, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல, "சேகர்" என்றார்.

லெட்சுமி அக்கா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். நூல் அப்போதே நகர ஆரம்பித்தது.

மீன் இழுக்கும்போது ரீல் அலறும். இது அலறவில்லை. டிக், டிக், டிக் என்று ஒரே வேகத்தில் போனது. ஒரு ஆள் நூலைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் அடியில் அவசரமில்லாமல் நடந்து போனால் அப்படித்தான் போகும். பச்சை குறைந்துகொண்டே வந்தது. என் இணைப்பு முடிச்சு கோலின் வளையங்களில் தட்டித் தட்டி வெளியேறியது. வெள்ளை தெரிந்தது. பிறகு வெள்ளைக்கு நடுவே ஸ்பூலின் உலோகம் தெரிந்தது.

டிக் சத்தம் நின்றது. கோல் வளைந்தது. இடுப்புக் கயிறு இறுகி, அவருடைய கால்கள் ஈரப் பலகையில் முன்னால் சறுக்கின. நானும் அக்காவும் சட்டையைப் பிடித்து இழுத்தோம். விடு, விடு, விடு என்று என் முடிச்சிடம் நான் வாய்விட்டுக் கத்தினேன். விடவில்லை. அவர் கத்தவில்லை, இழுக்கவுமில்லை. முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. ஜெட்டியின் கடைசிப் பலகை அவர் கால் விரலுக்கு வந்துவிட்டது.

அப்போது தளர்ந்தது. மூவரும் பின்னால் போய் விழுந்தோம்.

சுப்ரா அண்ணே மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "விட்டுட்டான் லெட்சுமி. என்னைய விட்டுட்டான்." அதன் பிறகுதான் அழுதார். அவருடைய அழுகையை அக்கா அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாராம்.

அது சேகர் இல்லை, என் முடிச்சு என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அவருடைய உயிரைக் காப்பாற்றியது நான் போட்ட, நான் வெட்டிய, நான் வாதாடிய முடிச்சு. சொல்வதற்கு முன் ரீலைக் கையில் எடுத்தேன்.

என் முடிச்சு விட்டிருந்தால் ஸ்பூல் வெறுமையாக இருக்க வேண்டும். வெறுமையாக இல்லை. என் முடிச்சு அங்கேயே இருந்தது, தன்னைத் தானே கடித்துக்கொண்டு, நகத்தால்கூட அசைக்க முடியாத இறுக்கத்தில். அதிலிருந்து ஒரு முழ நைலான் தொங்கியது. நைலான் இழுபட்டு அறுந்தால் வெடிச்சத்தம் கேட்கும், நுனி சுருண்டு வெளுத்துப்போகும், தெறித்து முகத்தில் அடிக்கும். எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அந்த நுனி நேராக இருந்தது. மேசையில் வைத்துக் கத்தரித்ததுபோல இருந்தது.

நான் அந்த முழ நூலை ஸ்பூலில் சுற்றினேன்.

அடுத்த வாரம் சேகருக்குக் கருமாதி நடந்தது. நானும் போயிருந்தேன். சுப்ரா அண்ணே தலையை மழித்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் செய்தார். படத்துக்கு மாலை போட்டார். பந்தியில் எனக்கு அவரே பரிமாறினார். "நல்லா சாப்புடு தங்கச்சி, எலும்பா இருக்க" என்றார். அவர் பிறகு மீன் பிடிக்கப் போகவில்லை.

ரீலை குணா பாஸிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முடிச்சை அசைத்துப் பார்த்தார். நுனியைத் தொடவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "கத்தி யாருகிட்டயும் இல்லையே?"

"இல்ல பாஸ்."

அன்றிலிருந்து 'கடைசி முடிச்சு விடணும்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சில மாதத்தில் இயந்திரம் வாங்கிவிட்டார்.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. முதல் மூன்று முறை விட்ட முடிச்சு நான்காவது முறை ஏன் விடவில்லை? அதே கை, அதே நூல். ஒவ்வொரு ரீலிலும் அந்த முடிச்சைப் போடும்போது, யாரோ ஒருவர் ஜெட்டியின் கடைசிப் பலகையில் நிற்பது தெரிந்தது. தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். சில விட்டன, சில கடித்துக்கொண்டு நின்றன. எது விடும், எது நிற்கும் என்று முன்கூட்டி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குணா பாஸுக்கும் தெரிந்திருக்காது. படகுக்காரன், திருக்கை, துக்கத்தில் தன்னை அறியாமல் ஒரு மனிதர் செய்தது என்று மற்றதற்கெல்லாம் யாராவது ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். என் முடிச்சுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

தெலுக் பங்லிமா காராங்கில், கப்பலுக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் கயிறு செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனை அறையில் இப்போது வேலை செய்கிறேன். டிப்ளமாவைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கயிற்றை இரண்டு தாடைக்கு நடுவே மாட்டி அறும் வரை இழுக்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது. அறும்போது அறையே அதிரும். இதுவரை எதுவும் சத்தமில்லாமல் விட்டதில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு அதைப் பயன்படுத்திக்கொள்ள மேலாளரிடம் அனுமதி கேட்டேன், கிடைத்தது. நேற்று சாயங்காலம் ஒரு வெறும் ஸ்பூலை ஒரு தாடையில் பொருத்தி, வெள்ளை நைலானால் அந்த ஒற்றை முடிச்சைப் போட்டு, நுனியை ஒட்ட வெட்டி, மறுமுனையை எதிர்த்தாடையில் மாட்டி, பொத்தானை அழுத்தினேன்.